மறைவிடை இல்லாத வினா

வினவுவதற்கும் விடையிறுப்பதற்கும் இலக்கணம் வகுத்துக்கொண்ட மொழி நம் தமிழ்மொழி. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துரைத்தார். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினா ஆறு. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டு. "சந்தைக்கு வருகிறாயா?" என்று ஒருவன் கேட்கிறான். "வருகிறேன்" என்றால் அது நேர்விடை. "வரமாட்டேன்" என்றால் அது மறைவிடை. "நடந்தால் கால் வலிக்கும்" என்றால் அது உறுவது கூறல். வரமாட்டேன் என்னும் பொருள் அதனுள் அடங்கிக் கிடக்கிறது. கேட்டவன் அதைப் புரிந்துகொண்டு தன் வழியே போய்விடுகிறான். பள்ளிப் பருவத்தில் மனனம் செய்த இப்பாகுபாட்டை நம்மில் பலர் தேர்வு முடிந்தவுடன் மறந்துவிட்டோம்.

அதனை மீண்டும் எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியத்தைக் கணினித்திரை உண்டாக்கியிருக்கிறது. நம் வீட்டுக் கணினியும் கைப்பேசியும் நாள்தோறும் நம்மை வினவுகின்றன. "இக்கடிதத்தை நான் எழுதித் தரட்டுமா?" "இந்த மின்னஞ்சலைச் சுருக்கிச் சொல்லட்டுமா?" "உங்கள் படங்களை நானே தேடி எடுக்கட்டுமா?" வினாவின் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் "சரி" என்றிருக்கிறது. மற்றொன்றில் "இப்போது வேண்டாம்" என்றோ, "பிறகு நினைவூட்டுக" என்றோ இருக்கிறது. "வேண்டாம்; இனி என்றைக்கும் கேளாதே" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. எட்டு விடைகளுள் மனிதனின் மானத்தைக் காப்பது மறைவிடை. அந்த ஒன்றைத்தான் இத்திரைகள் பறித்துக்கொண்டன.

சில ஆண்டுகளாக உலகெங்கும் கணினிப் பயனர்களிடையே சினம் மூண்டிருக்கிறது. அவருள் ஒரு சாரார் பழகிய மென்பொருள்களைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருள்களை நாடிப் போகின்றனர். இந்நிகழ்ச்சியை மேற்சொன்ன ஒரு குறையின் வழியே நோக்கினால் தெளிவு பிறக்கும் என்பது என் துணிபு. செயற்கை நுண்ணறிவு நன்மையா, தீமையா என்பது வேறு வழக்கு. கண்பார்வை இழந்தவருக்கு அது ஒரு படத்தை விளக்கிச் சொல்கிறது. அயல்மொழிக் கடிதம் ஒன்றின் சாரத்தை ஒருவாறு தமிழில் தருகிறது. அதன் பயனை மறுப்பதற்கு நான் எழுதவில்லை. அழையாமல் வந்து திண்ணையில் அமர்ந்தவன் எத்துணை நல்லவனாயினும், "நீ எழுந்து போகலாம்" என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டா, இல்லையா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கொடையா, கொளலா?

முதலில் திரையின் மொழியை ஒரு நூலின் மொழியைப் போலவே வைத்து ஆராய்வோம். "உன்னிடம் குடை இருக்கிறதா?" என்று தந்தை மகனைக் கேட்டால், இல்லையெனில் வாங்கித் தருவதற்காகக் கேட்கிறார், அது கொடை வினா. கடைக்காரரிடம் "குடை இருக்கிறதா?" என்று கேட்டால் அது கொளல் வினா. சொற்கள் ஒன்றே, கேட்பவரின் கருத்தே வகையை முடிவு செய்கிறது.

திரையில் தோன்றும் வினாக்கள் யாவும் கொடை வினாவின் ஆடையை உடுத்தி வருகின்றன. "எழுதித் தரட்டுமா?" என்பதில் தருதல் என்னும் சொல்லே இருக்கிறது. ஆயினும் அவ்வினாவுக்குச் "சரி" என்ற பின்னர் நிகழ்வதைக் கவனித்தால், பல இடங்களில் நம் எழுத்து நம் கணினியை விட்டு வெளியேறி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. சந்தாத் தொகை உயர்கிறது. "இத்தனை கோடிப் பேர் இக்கருவியைப் பயன்படுத்துகின்றனர்" என்று முதலீட்டாளர்க்குக் காட்டும் கணக்கில் நாமும் ஓர் எண்ணாகிவிடுகிறோம். கொடையின் ஆடைக்குள்ளே கொளல் ஒளிந்திருக்கிறது. "பிறகு நினைவூட்டுக" என்னும் பொத்தானோ இன்னும் நுட்பமானது. மனிதர்க்கிடையே "பிறகு பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் மறுப்பு என்றே பொருள். உற்றதும் உறுவதும் இனமொழியும் நேரே சொல்லாமல் பொருளை உணர்த்துவன என்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. இயந்திரம் அந்த நாகரிகத்தை அறியாததுபோல் நடிக்கிறது. நாம் நயமாக மறுத்ததை அது ஒத்திவைத்த சம்மதமாக எழுதிக்கொள்கிறது.

ரீகால் சொல்லும் பாடம்

2024ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ரீகால் என்னும் புதிய வசதியை அறிவித்தது. கணினித்திரையில் தோன்றுவதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம்பிடித்து வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் "அன்று நான் பார்த்தது எங்கே?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது அதன் வேலை. படங்கள் அவரவர் கணினியிலேயே இருக்கும், வெளியே போகா என்று நிறுவனம் கூறியது. ஆனால் பாதுகாப்பு ஆய்வாளர்கள் முன்னோட்டப் பதிப்பைத் திறந்து பார்த்தபோது, அப்படங்களிலிருந்து எடுக்கப்பட்ட எழுத்தெல்லாம் கணினிக்குள் நுழைந்த எவரும் எளிதில் படிக்கக்கூடிய கோப்பாகக் கிடந்தமை தெரியவந்தது.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. ஜூன் 7ஆம் நாள் நிறுவனம் இறங்கி வந்து, பயனர் தாமே இயக்கினாலன்றி ரீகால் இயங்காது என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் வெளியீட்டையே தள்ளிவைத்தது. பலவகைக் காவல்களைச் சேர்த்த பின்னர், 2025 ஏப்ரலில்தான் அது பொதுப் பயனுக்கு வந்தது. அதன் பின்பும் ஐயம் தீரவில்லை. அதே ஆண்டு மே மாதம் சிக்னல் என்னும் செய்திச் செயலி, விண்டோஸ் கணினிகளில் தன் சாளரத்தை எவரும் படம்பிடிக்க இயலாதவாறு ஒரு திரையை இயல்பாகவே இட்டுவிட்டது.

இந்நிகழ்ச்சியில் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ரீகால் ஒழிக்கப்படவில்லை, அதன் தொடக்கநிலைதான் மாறியது. "இயங்கும், வேண்டாதவர் அணைத்துக்கொள்க" என்றிருந்தது, "இயங்காது, வேண்டியவர் இயக்கிக்கொள்க" என்றாயிற்று. பயனர்கள் போராடிப் பெற்றது இந்த ஒரு மாற்றமே. எனினும் இதைச் சிறிதென்று எண்ணலாகாது. வீட்டின் கதவு திறந்தே கிடப்பதற்கும், தாழிட்ட கதவை விருந்தினர் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. ஒரு குடும்பத்தில் ஒரே கணினியைத் தாயும் மகளும் மருமகனும் பயன்படுத்துகின்றனர். வங்கிக் கணக்கு, மருத்துவர் அனுப்பிய அறிக்கை, வரன் பற்றிய கடிதப் போக்குவரத்து ஆகிய அனைத்தும் அத்திரையில்தான் தோன்றுகின்றன. அவற்றைப் படம்பிடித்து அடுக்கி வைக்கும் ஒன்று கேளாமல் குடியேறுமானால், அவ்வீட்டின் அந்தரங்கம் எங்கே நிற்கும்?

ஒளித்துவைத்த மூன்றாம் வழி

மறைவிடையை மறைத்தல் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பில் கோபைலட் என்னும் நுண்ணறிவுத் துணைவனை அந்நிறுவனம் சேர்த்தது. அதனோடு சந்தாவையும் உயர்த்தியது. தனிநபர் ஆண்டுச் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 டாலராயிற்று; குடும்பச் சந்தா 139 டாலரிலிருந்து 179 டாலராயிற்று. ஏற்றுக்கொண்டு கூடுதல் தொகை செலுத்துக, அன்றேல் சந்தாவை விட்டு நீங்குக என்ற இரண்டே வழிகள் உள்ளனபோல் வாடிக்கையாளர்க்குக் கடிதம் சென்றது.

உண்மையில் மூன்றாம் வழி ஒன்று இருந்தது. கோபைலட் இல்லாத பழைய தொகுப்பைப் பழைய விலைக்கே தொடர்ந்து பெறலாம். ஆனால் "விலகுகிறேன்" என்று பொத்தானை அழுத்தி உள்ளே போனவர்க்குத்தான் அவ்வழி கண்ணிற்பட்டது. இது ஏறத்தாழ 27 இலட்சம் வாடிக்கையாளரைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்தது எனக் குற்றஞ்சாட்டி, ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபர் 27இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே நிறுவனம் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கோரி, பழைய தொகுப்புக்கு மாறுவோர்க்குக் கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தருவதாகவும் கூறியது.

வணிகன் தன் பொருளின் விலையை உயர்த்துவது அவன் உரிமை. அதை எவரும் தடுக்கவில்லை. வாங்குவோன் முன் விரிக்கவேண்டிய பாய்களுள் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் இங்கே குற்றமாகப் பேசப்படுவது.

நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2024 ஜூன் மாதம் வாட்ஸ்அப்பில் மெட்டா நிறுவனத்தின் நுண்ணறிவு இந்தியப் பயனர்க்கும் வந்து சேர்ந்தது. வளைகுடாவிலிருக்கும் மகனோடு பேசுவதற்கென்று அச்செயலியை வைத்திருக்கும் மூதாட்டியின் திரையிலும் அந்த வட்டச் சின்னம் தோன்றியது. "விரும்பினால் பயன்படுத்தலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம்" என்றது நிறுவனம். ஆனால் அச்சின்னத்தை அகற்றுவதற்கு வழி வைக்கவில்லை. இருவர்க்கிடையே நடக்கும் உரையாடல் முன்போலவே பூட்டிய நிலையில்தான் செல்கிறது என்பதையும், அந்த வட்டத்திடம் கேட்கும் கேள்விகளே நிறுவனத்திற்குப் போகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். இத்தாலி நாட்டின் போட்டி ஆணையம் 2025 ஜூலையில் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது கேட்டதும் திணிப்பைப் பற்றித்தான்: கேளாதவர் செயலியில் இதை முன்கூட்டியே பதித்து வைத்தது ஏன்?

திணிப்பின் காரணம்

நல்ல பொருளாயின் மக்கள் தாமே தேடி வந்து வாங்குவரே. திணிப்பது எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். விடை செலவுக் கணக்கில் இருக்கிறது. 2025ஆம் நிதியாண்டில் மட்டும் இதற்குரிய கணினிக் கூடங்களுக்காக ஏறத்தாழ 8,000 கோடி அமெரிக்க டாலர் செலவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பணத்தைக் கொட்டியவர், ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க மாட்டார். முன்பே கோடிக்கணக்கானோர் பழகிய கடிதக் கருவியிலும் தேடு கருவியிலும் புதியதைப் பொருத்திவிட்டால், பழையதன் வாடிக்கையாளரெல்லாம் ஒரே இரவில் புதியதன் வாடிக்கையாளராகிவிடுகின்றனர். 2024 ஜனவரியில் விசைப்பலகையிலேயே கோபைலட்டுக்கென ஒரு விசையைச் சேர்க்கப்போவதாக அறிவித்தனர் என்றால் அவசரத்தின் அளவை உணரலாம்.

இது முற்றிலும் புதிய கதையன்று. 1997ஆம் ஆண்டுக்குரிய ஆஃபீஸ் தொகுப்பில் கிளிப்பி என்றொரு காகிதக் கவ்வி கண்ணை உருட்டிக்கொண்டு வந்தது. கடிதம் எழுதத் தொடங்கினால் "நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா?" என்று கேட்டது. மக்கள் வெறுத்தனர். 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் வாயை இயல்பாகவே அடைத்தனர்; 2007ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதனை நீக்கியே விட்டனர். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் நுகர்வோர் உரிமைப் பரப்புரையாளர் லூயி ராஸ்மன், எதிர்ப்பின் அடையாளமாகக் கிளிப்பியின் உருவத்தையே முகப்புப் படமாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டினார். திரளானோர் அவ்வாறே செய்தனர். கிளிப்பி தொல்லை தந்தது; எவர் வீட்டுச் செய்தியையும் கொண்டுபோய் விற்கவில்லை என்பது அவர்கள் வாதம். நேற்றைய தொல்லையை இன்று ஏங்கி நினைக்கும் நிலை வந்ததென்றால், அதைவிடக் கூர்மையான விமரிசனம் வேறு யாது?

திணிப்பின் இன்னொரு கேடு எழுத்தைப் பற்றியது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் காலத்தில் கூகுள் நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு சிறுமி தான் போற்றும் ஓட்ட வீராங்கனைக்குக் கடிதம் எழுத விரும்புகிறாள். தந்தை அதை ஜெமினி என்னும் நுண்ணறிவிடம் எழுதித் தரச் சொல்கிறார். பார்த்தவர்கள் பொறுக்கவில்லை, விளம்பரத்தைத் தொலைக்காட்சியிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. சிறுமியின் கடிதம் எழுத்துப்பிழையோடு இருந்திருக்கலாம். ஆனால் அது அவளுடையது. மாணவர்க்குக் கட்டுரை பயிற்றுவிப்போர் அனைவரும் அறிவர்: எழுதத் தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பிள்ளையின் உள்ளத்தில் சிந்தனை உருவாகிறது. வெற்றுத்தாளைக் கண்டவுடனே "நான் எழுதட்டுமா?" என்று முந்திக்கொள்ளும் கருவி, அந்நிமிடங்களைத் திருடுகிறது. வேண்டும்போது உதவியை நாடுவது வேறு. நாடுமுன்பே உதவி வந்து வழிமறிப்பது வேறு.

மௌனம் சம்மதமா?

நிறுவனங்கள் தம் செயலுக்குக் கூறும் நியாயம் ஒன்றுண்டு. "நாங்கள் சேர்த்தோம், நீங்கள் அணைக்கவில்லை, ஆகவே ஏற்றுக்கொண்டீர்கள்" என்பது அது. சம்மதத்தைப் பற்றி ஃபிக்ஹ் கலையில் நுணுகி ஆராய்ந்த சட்ட வல்லுநர்கள், மௌனமாயிருப்பவன்மீது எந்தச் சொல்லையும் ஏற்றிச் சொல்லலாகாது என்பதைப் பொதுவிதியாகக் கொண்டனர். சில இடங்களில் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுவது உண்மையே. திருமணத்திற்கு இசைவு கேட்கப்பட்ட மணப்பெண்ணின் மௌனம் அத்தகையது. ஆனால் அங்கே வினா தெளிவாகக் கேட்கப்பட்டிருக்கிறது. மறுப்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் அம்மறுப்பு செல்லும். கேட்கப்படாத வினாவுக்கு மௌனம் எங்ஙனம் விடையாகும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மானியப் பரிசுப் போட்டி நிறுவனம் ஒன்று, பயனரின் இணைய நடமாட்டத்தைத் தொடர்வதற்கான சம்மதக் கட்டத்தில் தானே முன்கூட்டிக் குறியிட்டு வைத்திருந்தது. குறியை நீக்காமல் விட்டவர் சம்மதித்தவராகார் என்று நீதிமன்றம் தீர்த்துரைத்தது. வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மூலங்களிலிருந்து சட்டம் கற்றவர்கள் ஒரே முடிவுக்கு வந்தனர் என்றால், அம்முடிவு மனித இயல்பில் வேரூன்றியது என்று கொள்வதில் பிழையில்லை.

வெளியேறும் வழி

மறுக்க இடமில்லாத வீட்டிலிருந்து மனிதன் வெளியேறத்தான் நினைப்பான். வெளியேறிப் போவதற்கு ஓரிடம் நாற்பதாண்டுகளுக்கு முன்பே கட்டத் தொடங்கப்பட்டிருந்தது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கனூ திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்குதல், அதன் உட்புறத்தை ஆராய்ந்து மாற்றுதல், பிறர்க்குப் படி எடுத்துக் கொடுத்தல், திருத்திய வடிவத்தையும் பகிர்ந்துகொள்ளுதல் ஆகிய நான்கு உரிமைகள் பயனர்க்கு உண்டு என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளம் கிடைத்தது. நெடுநாள் வரை அது வல்லுநர்களின் வீடாகவே இருந்தது.

பொதுமக்கள் அவ்வழி திரும்பியதற்கு உடனடிக் காரணம் ஒன்று வாய்த்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018க்கு முற்பட்ட செயலிகளை உடைய கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பையில் எறிந்துவிட்டு, வேண்டாத துணைவனோடு வரும் புதியதை வாங்கு என்பதாகப் பலர்க்கு இது பட்டது. அதே நாளில் வெளியான ஸோரின் 18 என்னும் லினக்ஸ் வகையை ஒரு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 10 இலட்சம் முறை மக்கள் இறக்கிக்கொண்டனர் என்று அதன் ஆக்கியோர் தெரிவித்தனர். அவற்றுள் முக்காற் பங்குக்கு மேல் விண்டோஸ் கணினிகளிலிருந்து நிகழ்ந்தவை. இறக்கியவரெல்லாம் குடியேறியவராகார்; ஆயினும் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தோரின் தொகை இது.

மென்பொருள் எழுதுவோர் நடுவிலும் இக்குடிபெயர்ச்சி காணப்படுகிறது. ஸிக் என்னும் நிரல்மொழியின் ஆக்கியோர், மைக்ரோசாஃப்ட்டுக்கு உரிய கிட்ஹப் தளத்தை விட்டு, பெர்லினில் இலாபநோக்கின்றி நடத்தப்படும் கோட்பெர்க் தளத்திற்கு 2025 நவம்பரில் பெயர்ந்தனர். கிட்ஹப்பின் பழுதுகளோடு, அது நுண்ணறிவை வலிந்து முன்னிறுத்துவதையும் அவர்கள் காரணமாகக் கூறினர்.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநில அரசும் இவ்விடத்தில் பேசப்படுகிறது. 2024 ஏப்ரலில் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆஃபீஸுக்கு மாற்ற முடிவு செய்த அவ்வரசு, 2025 அக்டோபரில் 40,000க்கு மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளைத் திறந்த மூலநிரல் கருவிகளுக்கு மாற்றி முடித்தது. ஆனால் இதனைச் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான கலகம் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. தன் குடிமக்களின் ஆவணங்கள்மீது தனக்கே ஆட்சி வேண்டும் என்பதே அவ்வரசு கூறிய காரணம். வேர் ஒன்றாயினும் கிளைகள் வேறு. இரண்டையும் குழப்புவது ஆராய்ச்சி ஆகாது.

புகழ்ச்சி வேண்டா, பரிசோதனை வேண்டும்

திணிப்பைக் குறை கூறுவோர் பலர், கட்டற்ற மென்பொருளைச் சுவனபதிபோல் வருணித்து விடுகின்றனர். அதுவும் உண்மைக்கு மாறு. மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017 நவம்பரில் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஊழியரின் பழக்கம், பிற அலுவலகங்களோடு ஆவணப் பரிமாற்றம், அரசியல் மாற்றம் எனப் பல காரணங்கள் அதில் பிணைந்து கிடந்தன. மாறுவது எளிது என்பவர் இவ்வரலாற்றைப் படிக்கவேண்டும்.

திணிக்கும் ஆசை திறந்த மூலநிரல் உலகிலும் இல்லாமலில்லை. 2025 டிசம்பரில் மொசில்லாவின் புதிய தலைவர், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி நுண்ணறிவு உலாவியாக வளரும் என்று எழுதினார். திணிப்புக்கு அஞ்சி அங்கே ஒதுங்கியிருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். இத்தகைய வசதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் முற்றாக அணைக்கும் வழி தரப்படும் என்று நிறுவனம் வாக்களித்தது. 2026 பிப்ரவரியில் வந்த 148ஆம் பதிப்பில் அதைத் தரவும் செய்தது. கவனியுங்கள்: அங்கே மறைவிடைக்கு ஒரு பொத்தான் பிறந்தது. ஆசை இருசாராருக்கும் பொது. வேறுபாடு, மறுப்பவனுக்குக் கையிலிருக்கும் வலிமையில்தான்.

அவ்வலிமை எத்தகையது என்பதை லிப்ரே ஆஃபீஸின் பிறப்பே காட்டும். ஓப்பன் ஆஃபீஸ் என்னும் மென்பொருளை வளர்த்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியபின், புதிய உரிமையாளரின் போக்கில் நம்பிக்கை இழந்த தொண்டர்கள் 2010 செப்டம்பரில் அதன் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்தனர். எவரும் அவர்களைத் தடுக்க முடியவில்லை. உரிமமே அதற்கு இடந்தந்தது. ஒரு மென்பொருளின் உரிமையாளர் வழி தவறினால், அதையே எடுத்துக்கொண்டு வேறு வழி போகலாம் என்னும் உரிமை, மறைவிடையின் மிக உயர்ந்த வடிவம். நம்மில் பெரும்பாலோர் ஒரு வரி நிரலும் எழுத அறியோம். ஆயினும் எழுத அறிந்தோர் நம் பொருட்டும் மறுக்கக்கூடும் என்பதே நமக்கு அரண்.

நம் எழுத்தும் இக்கருவிகளும்

தமிழும் அரபும் பயில்வோர்க்கு இவ்வுலகோடு தனி உறவு ஒன்றும் உண்டு. அரபு எழுத்து சொல்லில் நிற்குமிடத்திற்கேற்ப உருமாறுகிறது. தமிழில் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் வந்து சேர்கின்றன. இவற்றை முறைப்படி அடுக்கித் திரையில் காட்டும் வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் திறந்த மூலநிரலே. ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் லிப்ரே ஆஃபீஸிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அதுவே உழைக்கிறது. எழுத்தைக் குறிக்கும் ஹர்ஃப் என்னும் அரபுச் சொல்லும், திறந்தது என்று பொருள்படும் பாஸ் என்னும் பாரசீகச் சொல்லும் சேர்ந்ததே அப்பெயர். கெய்ரோ நகரத்துப் பூலாக் அச்சகத்தின் அழகிய பழைய நஸ்க் எழுத்தை எகிப்தியரான காலித் ஹுஸ்னி அமீரி என்னும் எழுத்துருவாக மீட்டெடுத்து, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அறியாமலே நாம் பலகாலமாக இவ்வீட்டில் உண்டு வருகிறோம்.

மாறவேண்டும் என்று விழையும் குடும்பங்களும் சிறு அச்சகங்களும் மதரஸாக்களும் சில இடர்களை முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட மலர்களும் வினாத்தாள்களும் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டாலன்றிப் புதிய கருவிகளில் தேடவோ திருத்தவோ உதவா. வலமிருந்து இடம் செல்லும் அரபுக்கு நடுவே இடமிருந்து வலம் செல்லும் தமிழ் வரும் பக்கங்களில், ஒரு மென்பொருளில் அமைத்தது மற்றொன்றில் திறக்கும்போது வரிசை பிறழலாம். சில வங்கி, அரசுச் செயலிகள் விண்டோஸை மட்டுமே எதிர்பார்க்கின்றன. ஆகவே ஒரே நாளில் வீட்டை இடிக்கவேண்டியதில்லை. முதலில் இருக்கின்ற விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபீஸை நிறுவிப் பழகலாம். பிறகு ஒதுக்கி வைத்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸை இட்டுப் பார்க்கலாம். இக்காலத்து வகைகள் பலவற்றை, கணினியிலுள்ளதை அழியாமல், கையடக்க நினைவகத்திலிருந்தே இயக்கிப் பார்க்கவும் இயலும். மாறாதவர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு: தம் கணினியின் அமைப்புப் பக்கங்களைத் திறந்து, எவை தம்மைக் கேளாமல் இயங்குகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுதல்.

இப்போராட்டத்தைக் "கிழவர்கள் புதுமைக்கு அஞ்சுகிறார்கள்" என்று எள்ளி ஒதுக்குவோர் உண்டு. ரீகாலின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் கணினியின் நுட்பம் அறிந்தவர்கள். சிக்னல் செயலியை ஆக்கியவர்களும், ஸிக் மொழியைப் படைத்தவர்களும் அத்தகையோரே. கருவியை அறியாதவன் அஞ்சுவதற்கும், அறிந்தவன் மறுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அவர்கள் கோருவதெல்லாம் கேட்டுவிட்டு நுழையவேண்டும், மறுத்தால் விலகவேண்டும் என்னும் பழைய மரியாதையைத்தான். நம் ஊர்களில் ஸலாம் சொல்லி, வாசலில் நின்று, இசைவு பெற்றபின் உள்ளே வருவதைப் பிள்ளைகளுக்கு நடைபழகும் வயதிலேயே கற்பிக்கிறோம். அறிவில் மனிதனை விஞ்சப் போவதாகச் சொல்லப்படும் இயந்திரத்துக்கு அவ்வளவு கற்பித்தால் போதும்.

ஆதலின் ஒரு மென்பொருளை மதிப்பிடும்போது, அது என்னென்ன செய்கிறது என்று பட்டியல் காண்பதோடு நில்லாமல், அதன் வினாவையும் விடைகளையும் படித்துப் பாருங்கள். "வேண்டாம்" என்னும் சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது முதற்பக்கத்திலேயே, "சரி" என்பதற்குச் சமமான அளவில், சமமான ஒளியில் இருந்தால் அம்மென்பொருளை ஆக்கியோர் உங்களை மனிதராக மதிக்கின்றனர். ஏழு பக்கம் கடந்து எங்கோ ஓர் மூலையில் ஒளிந்திருந்தால் அவர் மதிப்பு எத்தகையதென்று உங்களுக்கே விளங்கும். அறவே இல்லையாயின், கேட்கப்பட்டது வினாவன்று. வினாக்குறி இட்ட கட்டளை.